பத்துத் தோல்விகளுக்குப் பின் ஒரு மாதம்: 1983-இன் வடகரோலினா மாநிலப் பல்கலைக்கழக அணி

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் வரலாற்றில் மிகுதியாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படும் காட்சிகளுள் ஒன்று 1983 ஏப்ரல் 4 அன்று நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் நிகழ்ந்தது. தொலைவிலிருந்து எறியப்பட்ட பந்து கூடையை எட்டாமல் கீழிறங்குகிறது, லொரென்சோ சார்ல்ஸ் என்னும் இளைஞர் அதை வானிலேயே பற்றிக் கூடைக்குள் திணிக்கிறார், ஆட்டம் முடிகிறது. பயிற்சியாளர் ஜிம் வல்வானோ எவரையேனும் கட்டித்தழுவ வேண்டும் என்று களத்தில் அங்குமிங்கும் ஓடுகிறார். வடகரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் 54, ஹூஸ்டன் 52.

இக்காட்சி அவ்வணிக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் செய்தது. அதை அழியாப் புகழுக்கு உரியதாக்கியது நன்மை. ஒரு மாத உழைப்பை இரண்டு நொடி அதிர்ஷ்டமாகச் சுருக்கிவிட்டது தீமை. அன்று தொட்டு அவ்வணியைக் குறிக்க அமெரிக்க இதழாளர்கள் விரும்பி ஆளும் சொல் 'சிண்டரெல்லா'. அக்கதையின் நாயகிக்குத் தேவதை வந்து வரம் தருகிறாள். அவள் தானே கணக்குப் போட்டு எதையும் வெல்வதில்லை. இவ்வணியோ கணக்குப் போட்டது.

பருவத்தின் தொடக்கத்தில் அணியின் அச்சாணிகளாக இருந்தவர்கள் மூவர்: சிட்னி லோ, டெரெக் விட்டன்பர்க், தர்ல் பெய்லி. மூவருமே இறுதியாண்டு மாணவர்கள். ஜனவரியில் வர்ஜீனியா அணிக்கு எதிரான ஆட்டத்தில் விட்டன்பர்க்கின் கால் எலும்பு முறிந்தது. தொலைவிலிருந்து புள்ளி சேர்ப்பதில் வல்லவரான அவர் இல்லாமல் அணி பல வாரங்கள் ஆட வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில்தான் முதலாண்டு மாணவர் எர்னி மையர்ஸ் போன்றோர் நெடுநேரம் களத்தில் நிற்கும் வாய்ப்பைப் பெற்றனர். பருவத்தின் இறுதியில் விட்டன்பர்க் மீண்டபோது, அவர் விட்டுச்சென்றதைவிட முதிர்ந்த அணியொன்று அவருக்காகக் காத்திருந்தது. வழக்கமான பருவத்தின் கடைசி ஆட்டத்தில் வேக் ஃபாரஸ்ட் அணியை 130-89 என்ற கணக்கில் வென்றது அம்முதிர்ச்சியின் முதல் அறிகுறி.

ஆயினும் 17 வெற்றி, 10 தோல்வி என்ற பதிவு தேசியப் போட்டிக்கு உறுதியளிப்பதாக இல்லை. அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பின் போட்டியை வென்றால்தான் ஐயமின்றி நுழைய முடியும். அட்லாண்டாவில் மூன்று நாட்களில் அது நிகழ்ந்தது. ஒரு வாரத்துக்கு முன் 41 புள்ளி வேறுபாட்டில் வீழ்ந்த அதே வேக் ஃபாரஸ்ட், இம்முறை ஒரே புள்ளியில் தோற்றது: 71-70. அடுத்து, முந்தைய ஆண்டின் தேசிய வெற்றியாளரும் மைக்கேல் ஜோர்டன் ஆடிய அணியுமான வடகரோலினாப் பல்கலைக்கழகம், கூடுதல் நேரத்தில் 91-84 எனத் தோற்றது. இறுதியில், ஏழடிக்கும் மேல் உயரமான ரால்ஃப் சாம்ப்சனைக் கொண்ட வர்ஜீனியா 81-78 என வீழ்ந்தது.

இங்கே விதிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவ்வாண்டு அக்கூட்டமைப்பு சோதனை முறையில் மூன்று புள்ளிக் கோட்டையும் 30 நொடிக் கடிகாரத்தையும் ஏற்றிருந்தது. தேசியப் போட்டியில் இவ்விரண்டும் இல்லை. எனவே தொலைவிலிருந்து எறிந்து பழகிய அணியொன்று, அந்த எறிதலுக்குக் கூடுதல் மதிப்பற்ற களத்துக்குச் சென்றது. இதனினும் முக்கியமானது கடிகாரம் இன்மை. முன்னணியில் இருக்கும் அணி, பந்தை எறியாமல் தனக்குள்ளேயே கைமாற்றி நேரத்தைக் கடத்தலாம். பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபௌல் செய்து எதிரணியை ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்பிப் பந்தை மீட்க முயலலாம்.

அன்றைய விதிப்படி, ஒரு பாதியில் அணியின் ஏழாவது ஃபௌல் முதல் எதிரணி வீரருக்கு ஓர் எறிவு தரப்படும்; அது கூடையில் விழுந்தால் மட்டுமே இரண்டாவது உண்டு. பத்துக்கு ஆறு முறை வெற்றிபெறும் வீரர் ஒருவரை எடுத்துக்கொண்டால், அவர் ஒருமுறை கோட்டுக்குச் செல்வதன் சராசரி மதிப்பு ஒரு புள்ளிக்கும் சற்றுக் குறைவு. பத்தில் நான்கு முறை எதுவுமே கிடைக்காது. மறுபுறம் பந்தைப் பெறும் அணியோ இரண்டு புள்ளிகளை நாடலாம். வல்வானோவின் 'அதிர்ஷ்டம்' இந்த எளிய கணக்கின் மேல் நின்றது. வெற்றியை அது உறுதிசெய்யவில்லை. வாய்ப்பை மட்டும் உயிரோடு வைத்திருந்தது.

முதல் சுற்றில் பெப்பர்டைன் அணி இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பின் 69-67 எனத் தோற்றது. முடிவை நெருங்கிய வேளையில் தவறிய ஃப்ரீ த்ரோக்களே அதற்கு வழி திறந்தன. லாஸ் வேகாஸின் நெவாடாப் பல்கலைக்கழகம் 71-70, யூட்டா 75-56, மீண்டும் வர்ஜீனியா 63-62, அரையிறுதியில் ஜார்ஜியா 67-60. யூட்டாவுடனான ஆட்டம் மட்டுமே இவற்றுள் எளிது.

இறுதியில் எதிர்நின்ற ஹூஸ்டன் அணி தொடர்ந்து 26 ஆட்டங்களை வென்றிருந்தது. அகீம் ஒலாஜுவான், கிளைட் ட்ரெக்ஸ்லர் இருவரும் அதில் இருந்தனர். இடைவேளையில் 33-25 எனப் பின்தங்கியிருந்த ஹூஸ்டன், இரண்டாம் பாதியில் முந்திச் சென்றபின் தன் இயல்பான விரைவைக் கைவிட்டு ஆட்டத்தை மெதுவாக்கியது. எதிரணிக்குத் தேவைப்பட்டது அதுவே. ஃபௌல்கள் தொடர்ந்தன. அன்று ஹூஸ்டன் 19 ஃப்ரீ த்ரோக்களில் 10-ஐ மட்டுமே புள்ளியாக்கியது. 52-52 என்ற நிலையில் கடைசியாக ஒன்று தவறியது. பந்து வடகரோலினாவின் கைக்கு வந்தது. அதன் பின்னரே சார்ல்ஸின் அந்த இரண்டு நொடிகள்.

இவ்வெற்றிக்குப் பிற்கதையும் உண்டு. அதை மறைப்பது வரலாறாகாது. வீரர்கள் தமக்கு வழங்கப்பட்ட காலணிகளையும் இலவச நுழைவுச்சீட்டுகளையும் விற்றதாக 1989-இல் உறுதிசெய்யப்பட்டு, அணி 1990 தேசியப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. அவ்வாண்டே வல்வானோ பயிற்சியாளர் பதவியை இழந்தார். 1993 ஏப்ரலில் புற்றுநோயால் மறைந்தபோது அவருக்கு வயது 47. இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் தொடங்கிவைத்த புற்றுநோய் ஆய்வு அறக்கட்டளை இன்றும் இயங்குகிறது.

ஆட்டமும் மாறியது. 1985-86 பருவத்தில் 45 நொடிக் கடிகாரமும், அடுத்த பருவத்தில் மூன்று புள்ளிக் கோடும் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. முன்னணி அணி பந்தை ஒளித்துவைத்துக் காலம் கடத்தும் வழி அடைபட்டது. பழைய விதிகள் விடைபெறவிருந்த குறுகிய காலத்தில், அவற்றின் இண்டு இடுக்குகளை முற்றும் அறிந்த அணியொன்று சரியான மாதத்தில் முழு வலிமை பெற்றது. பத்துத் தோல்விகளைக் கண்ட அணி தேசத்தை வென்றதற்கு அம்மாதமே விளக்கம். கடைசிப் பந்து கூடையை எட்டாமல் போனது தற்செயல். அது கீழிறங்கும் வேளையில் ஆட்டம் சமநிலையில் நின்றது தற்செயலன்று.