ஏணியோடு போன கண்காணிப்பு

பழைய கல்கத்தாவில் பல்லக்குக்கு முன்னால் தீப்பந்தம் ஏந்தி ஓடியவரை மசால்ச்சி என்றனர். அன்று வெளிச்சம் தெருவுக்கு உரியதன்று, பல்லக்கில் அமர்ந்தவருக்கு உரியது. (பின்னர் அச்சொல் பாத்திரம் துலக்கும் வீட்டுப் பணியாளரையும் குறிக்கலாயிற்று என்பதை 1886இல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் காணலாம்.)

வட இந்தியாவில் பெருங்கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த 1857 ஜூலையில், ஓரியண்டல் கேஸ் கம்பெனியின் எரிவாயு விளக்குகள் அந்நகரத் தெருக்களில் எரியத் தொடங்கின. நிலக்கரியிலிருந்து எடுத்த வாயு குழாய்வழி தானாக வந்தது; விளக்கை ஏற்றவோ ஓர் ஆள் ஏணியோடு வரவேண்டியிருந்தது. உடைந்த கண்ணாடியும் அடைபட்ட எரிமுனையும் மாலைதோறும் அவர் கண்ணில் பட்டன. ஏற்றுவதும் பரிசோதிப்பதும் ஒரே நடையில் முடிந்தன. இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. இதற்கெனத் தனி விளக்கு வரி வசூலிக்கப்பட்டும், நகரின் ஓரங்களில் எண்ணெய் விளக்குகளே நீடித்தன.

1892இல் ஹாரிசன் சாலை மின்விளக்குப் பெற்றது. 1897 ஜனவரியில் கில்பர்ன் நிறுவனம் 21 ஆண்டுகளுக்கான மின்வழங்கல் உரிமம் பெற்றது. 1899 ஏப்ரல் 17இல் எமாம்பாக் சந்தின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. நகர வரலாறுகள் இத்தேதிகளைக் கொண்டாடுகின்றன. ஒரு விசையில் தெரு முழுவதும் ஒளிரும்போது எந்தக் கம்பத்தடிக்கும் யாரும் போகவேண்டியதில்லை என்பதை அவை பெரும்பாலும் பேசுவதில்லை. பராமரிப்பு ஏற்றுதலிலிருந்து பிரிந்து, தனிச் செலவாக, தனி ஒப்பந்தமாக மாறியது இப்படித்தான்.

2015 ஜனவரி 5இல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டம் இப்பிரிவினையின் அண்மை வடிவம். நகராட்சி முதலீடு செய்வதில்லை; ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் எல்.ஈ.டி. விளக்குகளைப் பொருத்தி, மின்கட்டண மிச்சத்திலிருந்து செலவை மீட்டுக்கொண்டு, பொதுவாக 7 ஆண்டுகள் பராமரிக்கிறது. மின்சிக்கனம் உண்மையானது, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மையக் கண்காணிப்பு பெரும்பாலும் கட்டுப்பாட்டுப் பெட்டி அளவிலேயே நிற்கிறது. ஒரு சுற்று முழுவதும் அணைந்தால் திரையில் தெரியும். சந்தின் முனையில் ஒற்றை விளக்கு அணைந்தால் எளிதில் தெரியாது. அதற்குக் குடியிருப்போர் புகார் செய்ய வேண்டும். நலச்சங்கமும் தொடர்புகளும் உள்ள தெரு விரைவில் புகார் செய்துவிடும். இரவுப் பணி முடித்துத் திரும்பும் பெண்கள் நடக்கும் குடிசைப் பகுதிச் சந்துக்கு அவ்வசதி இல்லை. அங்கு புகார் செய்ய முனைபவரிடமும் முதலில் கேட்கப்படுவது கம்ப எண். அதை அந்த இருட்டில்தான் படித்தாக வேண்டும்.