பட்டியலினின்று நீக்கப்பட்ட பெயர்: ஜே. பி. ஜெயரத்தினமும் வழக்கறிஞர் ஒழுங்குமுறையும்

வழக்கறிஞர் ஒருவர் தவறிழைத்தால் அவரைக் கேட்பவர் யார்? ஜொகூரில் வாழும் நமக்கு இவ்வினா புதியதன்று. வீடு வாங்க முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர், விபத்து இழப்பீடு வந்து சேர்ந்ததா என்று அலுவலகப் படியேறிக் கேட்டு அலுத்தவர், தந்தையின் நிலப்பட்டாவைப் பெயர் மாற்றக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெறாதவர் என நம் உற்றார் உறவினருள் ஒருவரேனும் இருப்பர். அவர்களுக்காக அமைந்த வழி சட்டத்தில் உண்டு. மேற்கு மலேசியாவுக்குரிய வழக்கறிஞர் தொழிற்சட்டம் 1976இல் இயற்றப்பட்டு, 1977 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 1992இல் ஏற்பட்ட திருத்தத்தால் ஒழுங்கு வாரியம் என்னும் தனி அமைப்பு தோன்றியது. முறையீட்டை விசாரிக்கும் குழுவில் வழக்கறிஞர்களோடு அத்தொழில் சாராத பொதுமகன் ஒருவரும் அமர்கிறார். கண்டனம், அபராதம், ஐந்தாண்டு வரை தொழில் தடை, இறுதியாகப் பட்டியலினின்று பெயர் நீக்கம் எனத் தண்டனை படிப்படியாக உயரும். நம்பிக்கைத் துரோகத்தால் பணத்தை இழந்த கட்சிக்காரருக்கு உதவ இழப்பீட்டு நிதியொன்றும் இச்சட்டத்தின் கீழ் அமைந்துள்ளது.

இத்தகைய அமைப்பு தேவையா என்று எவரும் ஐயுறார். பிறர் பணத்தைத் தம் கணக்கில் வைத்துக் காக்கும் தொழிலுக்குக் கடிவாளம் இன்றியமையாதது. ஆயினும், அக்கடிவாளம் யார் கையில் இருக்கிறது, தவறாக இழுக்கப்பட்டால் அதைத் தளர்த்துபவர் யார் என்பவையும் வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வினாக்களே. ஒழுங்கு நடவடிக்கை எல்லா வேளையிலும் ஏமாற்றப்பட்ட கட்சிக்காரரின் முறையீட்டிலிருந்தே தொடங்குவதில்லை. வேறொரு நீதிமன்றம் வழங்கிய குற்றத்தீர்ப்பிலிருந்தும் தொடங்கும். தொழிலுக்குத் தகுதியற்றவராக்கும் குற்றத்துக்காகத் தண்டனை பெறுவதை நம் சட்டமும் ஒழுங்கீனமாகவே கொள்கிறது. அந்தத் தீர்ப்பே பிழையானால்?

தமிழர் இவ்வினாவை முன்னரே சந்தித்திருக்கின்றனர். தூத்துக்குடியில் வழக்காடிய வ. உ. சிதம்பரம் பிள்ளை 1908இல் அரச நிந்தனைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். 1912 இறுதியில் விடுதலை பெற்றபோது வழக்காடும் உரிமையாகிய சனது அவரிடம் இல்லை. பல ஆண்டுகள் வறுமையில் உழன்ற பின், வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அது மீண்டது. அந்நன்றியை மறவாத வ. உ. சி. தம் மகன் ஒருவனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். காந்தியடிகளின் பெயரையும் இலண்டனில் உள்ள இன்னர் டெம்பிள் 1922இல் நீக்கியது. அது மீண்டும் சேர்க்கப்பட்டது 1988இல், அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின். அதே 1988ஆம் ஆண்டில் அதே இலண்டனில், ஜொகூரில் வளர்ந்த தமிழர் ஒருவரின் பெயரும் பட்டியலுக்குத் திரும்ப ஆணை பிறந்தது. அவ்வரலாறே இங்கு நாம் விரித்துரைக்க எடுத்துக்கொண்டது.

ஜோசுவா பெஞ்சமின் ஜெயரத்தினம் 1926 ஜனவரி 5ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். தந்தையார் ஜொகூரில் அரசுப் பணியாற்றியமையால் குடும்பம் இங்கு வந்தது. மூவார் நகரக் கான்வென்ட் பள்ளியில் எழுத்தறிந்த சிறுவர், பின்னர் ஜொகூர் பாரு ஆங்கிலக் கல்லூரியில் பயின்றார். இன்று மக்தாப் சுல்தான் அபு பக்கர் என்று நாம் அழைக்கும் பள்ளியே அது. ஜப்பானியர் ஆட்சி வந்தது. சயாம் மரண ரயில் பாதைக்கு அனுப்பப்படும் அச்சம் இளைஞர் எல்லாரையும் வாட்டிய காலம். அவர் ஜப்பானிய மொழியைக் கற்றுக் கணக்கெடுப்பு அலுவலகத்திலும், பின்னர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகவும் வேலை தேடிக்கொண்டார். அவர் நீதிமன்றத்துக்குள் முதன்முதல் நுழைந்தது சட்டம் படித்தன்று, மொழி படித்தே என்பதைத் தமிழாசிரியர்களாகிய நாம் சற்றே புன்முறுவலோடு குறித்துக்கொள்ளலாம்.

போருக்குப் பின் இலண்டன் சென்று சட்டம் பயின்று 1951இல் பாரிஸ்டர் ஆனார். மறு ஆண்டு முதல் சிங்கப்பூர்ச் சட்டப்பணியில் நீதிபதியாகவும் அரசு வழக்குரைஞராகவும் பல பொறுப்புகளை வகித்தார். 1963இல் அரசுப் பணியை விட்டுத் தனித்தொழிலை மேற்கொண்டார். 1971இல் பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளர் பொறுப்பை ஏற்றார். தேர்தல்தோறும் தோற்றார். 1981 அக்டோபர் 31ஆம் நாள் நடந்த ஆன்சன் இடைத்தேர்தலில் மக்கள் செயல் கட்சியின் வேட்பாளரை வென்று, 1968 முதல் ஒரே கட்சியினர் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். 1984 பொதுத்தேர்தலிலும் அத்தொகுதி அவருடையதே ஆயிற்று.

வழக்கின் வேர் கட்சியின் பணப்பெட்டியில் இருந்தது. ஓர் அவதூறு வழக்கில் தோற்ற பாட்டாளிக் கட்சி எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை செலுத்த வேண்டியிருந்தது. கட்சிக்கு நன்கொடையாக வந்த மூன்று காசோலைகளை, அக்கடன்காரர் கைக்கு எட்டாதபடி வேறு வழியில் செலுத்தினர் என்பதும், கட்சிக் கணக்கைப் பற்றிப் பொய்யான உறுதிமொழி அளித்தனர் என்பதும் ஜெயரத்தினத்தின் மீதும் கட்சித் தலைவர் வோங் ஹோங் தோய் மீதும் சாட்டப்பட்ட குற்றங்கள். 1984இல் மூத்த மாவட்ட நீதிபதி மைக்கல் கூ, ஒரு குற்றச்சாட்டு நீங்கலாக ஏனையவற்றில் இருவரையும் விடுவித்தார். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. தலைமை நீதிபதி வீ சோங் ஜின் 1985இல் விடுதலைகளைப் புரட்டி, ஒன்றில் மறுவிசாரணைக்கு ஆணையிட்டார். இதற்கிடையே நீதிபதி கூ வேறு பணிக்கு மாற்றப்பட்டது பற்றி ஜெயரத்தினம் நாடாளுமன்றத்தில் வினா எழுப்பினார். நீதிபதி சின்னதுரை தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் அரசின் குறுக்கீடு எதுவும் இல்லை என்று முடிவு கூறியது. அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

மறுவிசாரணை மாவட்ட நீதிமன்றத்திலேயே நடந்தது. அதன் தீர்ப்பின்மேல் மேல்முறையீடு உயர்நீதிமன்றத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை செல்ல வழியில்லை. மறுவிசாரணை உயர்நீதிமன்றத்தில் நடந்திருப்பின் அவ்வழி திறந்திருக்கும். 1986 நவம்பரில் இறுதித் தண்டனை ஒரு மாதச் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும் ஆயிற்று. 2,000 வெள்ளிக்கு அபராதம் குறையாவிடில் நாடாளுமன்ற உறுப்பினர் தகுதியிழப்பார் என்பது சிங்கப்பூர் அரசியலமைப்பின் அந்நாளைய விதி. ஆன்சன் தொகுதி பறிபோயிற்று.

அதன் பின்னரே ஒழுங்கு நடவடிக்கை வந்தது. குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவர் வழக்கறிஞராக நீடிக்கலாமா என வழக்கறிஞர் சங்கம் காரணம் கேட்டது. 1987 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து அவர் பெயரைப் பட்டியலினின்று நீக்கினர். பதவியும் போய், பிழைப்பும் போன நிலை. ஆனால் குற்ற வழக்கில் அடைபட்டிருந்த இலண்டன் வழி, தொழில் ஒழுங்கு வழக்கில் அடைபடவில்லை. அவ்வழக்கில் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யும் உரிமை சட்டத்தில் எஞ்சியிருந்தது. அவரைத் தொழிலினின்று வெளியேற்றிய ஆணையே, அவர் குற்றவாளியா என்ற வினாவை மேலோர் அவையின் முன் வைக்கும் வாயிலாகவும் அமைந்தது.

1988 அக்டோபர் 25ஆம் நாள் பிரிட்ஜ் பிரபு தீர்ப்பை வழங்கினார். குற்றத்தீர்ப்பு இருக்கிறது என்பதாலேயே ஒழுங்கு விசாரணை கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை, தகுந்த காரணம் இருப்பின் அதன் பின்னே சென்று பார்க்கலாம் என்பது அதன் முதற்படி. பார்த்தபோது அவர்கள் கண்டது, இருவரும் செய்யாத குற்றங்களுக்காகத் தண்டமும் சிறையும் அவமானமும் அடைந்தனர் என்பதே. அடுத்தடுத்து நேர்ந்த தவறான தீர்மானங்களால் கொடிய அநீதி விளைந்தது என்று அவை தன் ஆழ்ந்த கலக்கத்தைப் பதிவு செய்தது. ஜெயரத்தினத்தின் பெயர் பட்டியலில் மீண்டும் சேர்க்கப்பட்டது. எனினும், குற்றத்தீர்ப்புகள் தன் முன் மேல்முறையீடாக வராமையால், அவற்றை நீக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றும் அவை ஒப்புக்கொண்டது. வழக்கறிஞராக இருக்கத் தகுதியுடையவர், அதே நீதியின் ஏட்டில் குற்றவாளி. இந்த முரணைச் சட்டக் கல்வி மாணவர்கள் நெடுநேரம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எஞ்சியது குடியரசுத் தலைவரின் மன்னிப்பு. வீ கிம் வீ 1989இல், அமைச்சரவையின் அறிவுரைப்படி, அதை மறுத்தார். அதே ஆண்டு சிங்கப்பூர் நாடாளுமன்றம் வழக்கறிஞர் ஒழுங்கு வழக்குகளில் பிரிவி கவுன்சிலுக்குச் செல்லும் உரிமையை நீக்கியது. 1994 ஏப்ரலில் எல்லா வழக்குகளிலும் அது நின்றது. தன் நாட்டு நீதி தன் நாட்டிலேயே முடிவதில் பிழையில்லை என்பதே நம் கருத்து. மலேசியாவும் 1985 முதல் அவ்வாறே செய்துள்ளது. ஆயினும் ஒருவருக்குத் திறந்த கதவு, அவர் அதன் வழியே வந்த மறு ஆண்டே சாத்தப்பட்டது என்ற காலவரிசையை வரலாற்று மாணவர் கவனியாமல் போகலாகாது.

நம் ஜொகூர் வழக்கறிஞர் ஒருவருக்கு எதிராக ஒழுங்கு வாரியம் ஆணையிட்டால் இன்று அவர் உயர்நீதிமன்றத்துக்கும், அங்கிருந்து மேல் நீதிமன்றங்களுக்கும் செல்லலாம். முறையீடு செய்தவருக்கும் வாரியத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய உரிமையுண்டு. ஏமாற்றப்பட்ட கட்சிக்காரரும் குற்றம் சாட்டப்பட்ட வழக்கறிஞரும் ஒரே படிக்கட்டில் ஏறுகின்றனர். அப்படிகள் எத்தனை என்பதை, நம் பள்ளிகளில் குடிமை பாடம் கற்பிப்போர் ஒரு வகுப்பிலேனும் கரும்பலகையில் வரைந்து காட்டலாம்.

ஜெயரத்தினம் 1991 வரை தேர்தலில் நிற்க இயலவில்லை. 1997இல் மீண்டும் நாடாளுமன்றம் சென்றார். அவதூறு வழக்குகளில் செலுத்த வேண்டிய தொகையால் 2001இல் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டு, உறுப்பினர் பதவியையும் தொழிலையும் மீண்டும் இழந்தார். 2007இல் கடன் தீர்த்து விடுபட்டு, 81ஆம் வயதில் மறுபடியும் அங்கி அணிந்து நீதிமன்றம் சென்றார். 2008 செப்டம்பர் 30ஆம் நாள் மறைந்தபோது அவர் பெயர் வழக்கறிஞர் பட்டியலில் இருந்தது. 1986ஆம் ஆண்டின் குற்றத்தீர்ப்பும் நீக்கப்படாமலே இருந்தது.