ஒரே ஸ்ப்ரேயர்ல நாலு மருந்து

இந்த வாரம் கம்ப்யூட்டர் வரலாறு இல்ல, தோட்டத்து மருந்தோட வரலாறு. ஒரு நேயர் அனுப்பின கேள்விதான் காரணம். வீடு தென்காசிப் பக்கம். ஐந்தருவி போனப்போ வாங்கிட்டு வந்த ஒரு ரம்புட்டான் கன்னு, மாடியில அம்மாவோட ரோஜா. ரோஜா இலையில வெள்ளையா சாம்பல் நோய், தண்டுல மாவுப்பூச்சி. கையில இருக்கிறது நனையும் கந்தகம், வேப்பெண்ணெய், மயில்துத்தம், தேமோர் கரைசல். "எல்லாமே இயற்கைதானே அண்ணா, ஒண்ணா கலந்து ஒரே தடவையில அடிச்சிரலாமா?"

கூடாது. ஏன் கூடாதுங்கிறதுக்கு ஒரு நூத்தி எழுபது, நூத்தி எண்பது வருஷக் கதை இருக்கு.

ஐந்தருவிப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். சீசன்ல ரோட்டோரம் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிஞ்சு கிடக்கும். தோட்டக்கலைத் துறையோட சுற்றுச்சூழல் பூங்காவும் அங்கதான். வெளியூர்ச் செடி இந்த மலையடிவாரத்துக்குப் புதுசில்ல. 1800-ஐ ஒட்டின வருஷங்கள்லயே கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்துல ஜாதிக்காய், கிராம்பு, பட்டை எல்லாம் நட்டுப் பார்த்திருக்கு. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் சாரல். குளிக்க வர்றவங்களுக்குக் கொண்டாட்டம், இலையில வளர்ற பூஞ்சைக்கும் கொண்டாட்டம்.

முதல்ல கந்தகம். 1845-ல இங்கிலாந்துல மார்கேட்ங்கிற ஊர்ல எட்வர்ட் டக்கர்னு ஒரு தோட்டக்காரர் திராட்சையில வெள்ளைப் பூஞ்சையைக் கவனிச்சார். கந்தகத்தையும் சுண்ணாம்பையும் தண்ணியில கலந்து அடிச்சார், கேட்டுச்சு. 1852-ல வெர்சாய் தோட்டத்துல கிரிசோன் அதே ரெண்டையும் சேர்த்துக் காய்ச்சி ஒரு நீர்மம் பண்ணினார். இந்த சுண்ணாம்புக் கந்தகத்தோட எந்தப் புளிப்பைச் சேர்த்தாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். அது ஆளைக் கொல்லக்கூடிய வாயு. மோர், வினிகர், எலுமிச்சைனு எதையும் அது பக்கத்துல கொண்டு போகாதீங்க.

அடுத்து மயில்துத்தம். 1882 அக்டோபர், பிரான்ஸ்ல போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே, மெடோக் திராட்சைத் தோட்டங்கள் பக்கம் நடந்து போறார். அடிச்சாம்பல் நோய்ல தோட்டம் முழுக்க இலை கொட்டிக் கிடக்கு. ரோட்டோர வரிசையில மட்டும் இலை பச்சையா நிக்குது, மேல நீலமா ஏதோ பூசியிருக்கு. விசாரிச்சா, போறவங்க வர்றவங்க பழத்தைப் பறிச்சுத் தின்னக் கூடாதுன்னு மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளிச்சிருக்காங்க. பார்க்க விஷம் மாதிரி இருக்கணும், அவ்வளவுதான் திட்டம். மில்லார்டே வேதியியலாளர் கயோனோட சேர்ந்து சோதனை பண்ணி 1885-ல வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை. அந்த முதல் செய்முறையில 100 லிட்டர் தண்ணிக்கு 8 கிலோ மயில்துத்தம், கூட 30 லிட்டர் தண்ணியில 15 கிலோ சுண்ணாம்பு. இன்னைக்கு நம்ம ஊர்ல சொல்ற ஒரு சதவீதக் கலவைக்கு 100 லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு போதும்.

இலங்கைக் காப்பித் தோட்டங்கள்ல 1869-ல துரு நோய் வந்தது. 1880-ல இருந்து 1882 வரைக்கும் மார்ஷல் வார்ட் அங்க இருந்து அந்தப் பூஞ்சையை ஆராய்ச்சி பண்ணினார். அவர் கிளம்பி மூணு வருஷம் கழிச்சுத்தான் மில்லார்டேயோட அறிவிப்பு வருது. அதுக்குள்ள காப்பி சாஞ்சு போச்சு, அதை நம்பிக் கடல் தாண்டிப் போன நம்ம சனங்க பொழைப்பும் சேர்ந்து. இந்தத் தேதிகளை அடுத்தடுத்து வெச்சுப் பார்த்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

சரி, சுண்ணாம்பு எதுக்கு? மயில்துத்தத்தைத் தனியா கரைச்சு அடிச்சா இலை கருகிடும். அந்தக் கரைசல் புளிப்பு, அதுல தாமிரம் முழுசா கரைஞ்சு நிக்கும். சுண்ணாம்பு அந்தப் புளிப்பை அடக்கி, தாமிரத்தைக் கரையாத நீலப் படிவா மாத்திடுது. அது இலையில ஒட்டிக்கிட்டு, ஈரம் படும்போது கொஞ்சம் கொஞ்சமா தாமிரத்தை விடும். அதனாலதான் கலக்குறதுல இவ்வளவு சடங்கு. பிளாஸ்டிக் வாளி, மண்பானை சரி, இரும்பு கூடாது. சுண்ணாம்புப் பால்ல மயில்துத்தக் கரைசலைக் கிண்டிக்கிட்டே ஊத்தணும். பளபளன்னு இருக்கிற கத்தியை முக்கி எடுத்தா அதுல செம்பு நிறம் படியக் கூடாது. படிஞ்சா இன்னும் சுண்ணாம்பு சேர்க்கணும். நூறு வருஷத்துக்கும் மேலான யூனிட் டெஸ்ட் அது! கலந்ததை அன்னைக்கே அடிச்சு முடிக்கணும்.

சாரலுக்கு நெருக்கமான கதை மைசூர் ராஜ்ஜியத்துல நடந்தது. மலநாட்டுப் பாக்குத் தோப்புகள்ல மழைக்காலம் வந்தாலே காய் அழுகிக் கொட்டும். கன்னடத்துல 'கொளெரோகா'ன்னு பேரு. விவசாயிங்க குலைகளை மூடிக் கட்டிக் காப்பாத்திட்டு இருந்தாங்க. கனடாவுல இருந்து வந்த லெஸ்லி கோல்மன், அந்த நோயை ஆராய்ச்சி பண்ணி 1910-ல அறிக்கை போட்டார். போர்டோ கலவையை மழை பிடிக்கிறதுக்கு முன்னாடியே குலையில அடிக்கச் சொன்னார். இன்னைக்கும் பாக்கு விவசாயிகள் கிட்டத்தட்ட அதையே பண்றாங்க, ஒட்டுறதுக்கு ரோசின் சேர்த்து.

எண்ணெயோட கதை தனி ஓட்டம். 1880-கள்ல ஃப்ளோரிடா ஆரஞ்சுத் தோட்டங்கள்ல செதில் பூச்சிக்கு ஹப்பார்ட் மண்ணெண்ணெயைக் கையில எடுத்தார். எண்ணெய் நேரா இலையில பட்டா இலை போயிடும். அதனால சூடான சோப்புத் தண்ணி ஒரு பங்கு, மண்ணெண்ணெய் ரெண்டு பங்குன்னு பால் மாதிரி கடைஞ்சு, அப்புறம் நிறைய தண்ணி விட்டார். நம்ம வேப்பெண்ணெயும் இதே வழிதான். 1962-ல டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல பிரதான் குழு வேப்பங்கொட்டைக் கரைசலை அடிச்ச பயிரை வெட்டுக்கிளி தொடாததைக் காட்டினாங்க. 1968-ல அசாடிராக்டினைப் பிரிச்செடுத்தாங்க. வீட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். முதல்ல எண்ணெயையும் சோப்பையும் நல்லா குழைச்சு, அப்புறம்தான் தண்ணி.

இப்போ இதெல்லாம் எங்க முட்டிக்குதுன்னு பாருங்க. தனித்தனியா நல்லா ஓடுற ரெண்டு லைப்ரரி, சேர்த்து இன்ஸ்டால் பண்ணினா உடையுமே, அதே கதைதான்.

வேப்பெண்ணெய்க் கலவையில போர்டோ கலவையை ஊத்தினா, சுண்ணாம்பு சோப்பைத் திரிய வெச்சிடும். சோப்பு போச்சுன்னா எண்ணெய் தனியா மிதக்கும், அது நேரா இலையில போய் உக்காரும். கூடவே அசாடிராக்டினுக்குக் காரம் ஆகாது, சிதைஞ்சிடும். பூச்சியும் சாகாது, இலையும் கருகும். உப்புத் தண்ணி போர் இருக்கிற வீட்டுல சும்மா சோப்பு போட்டாலே திரியும், அங்க மழைத் தண்ணி பிடிச்சு வெச்சுக்கலாம்.

கந்தகமும் எண்ணெயும் இன்னும் மோசம். கந்தகத்தை எண்ணெய் கரைச்சு இலைக்குள்ள இழுத்துட்டுப் போயிடும். ஒரே நாள்ல அடிக்கணும்னுகூட இல்ல, முந்தின மருந்தோட படிவு இலையில இருந்தாலே போதும். குறைஞ்சது ரெண்டு வாரம் இடைவெளி விடுங்க. கந்தகத்தை வெயில் 32 டிகிரி தாண்டுற நாள்ல தனியாக்கூட அடிக்காதீங்க. மாடின்னா சித்திரை, வைகாசியை மறந்திருங்க.

தேமோர் பூவுக்கு நல்லதுதான், ஆனா அது புளிச்ச மோர். போர்டோ கலவையில அது சேர்ந்தா, சுண்ணாம்பு கட்டிப் போட்ட தாமிரம் திரும்பக் கரைஞ்சிடும். சாரல் நாள்ல இலை காய நேரமாகும், அப்போ தாமிரம் தனியாவே சுடும். ரெண்டும் சேர்ந்தா கேக்கவே வேண்டாம். டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் மாதிரி உயிருள்ள மருந்துகளை தாமிரம், கந்தகம் அடிச்ச ஸ்ப்ரேயர்ல போடவே கூடாது. பூஞ்சையைக் கொல்ற மருந்துக்கு நம்ம பூஞ்சை எது, எதிரிப் பூஞ்சை எதுன்னு தெரியாது.

'இயற்கை'ன்னு பேர் வந்துட்டாலே பயமில்லன்னு ஒரு நினைப்பு இருக்கு. தாமிரம் மக்காது, மண்ணுலயே தங்கும். போர்டோவோட பழைய திராட்சை மண்ணெல்லாம் அப்படித்தான் ஆயிருக்கு. ஐரோப்பிய ஒன்றியம் இப்போ ஏழு வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோன்னு உச்சவரம்பு வெச்சிருக்கு. அந்த ரம்புட்டான் கன்னுல நோயே இல்லன்னா அதுக்கு மயில்துத்தம் எதுக்குங்க?

ரோஜாவுக்கு முதல்ல மாவுப்பூச்சியைக் கவனிங்க. மழையில்லாத சாயங்காலம் வேப்பெண்ணெய் மட்டும். சாம்பல் பிடிச்ச இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்க. ரெண்டு வாரம் கழிச்சும் நோய் இருந்தா, வெயில் குறைஞ்ச நாள்ல கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். ரெண்டுக்கும் நடுவுல ஸ்ப்ரேயரைச் சோப்புத் தண்ணியில கழுவணும். கையுறை, கண்ணாடி, மூக்கை மூட ஒரு துணி.

வேற எதையாவது கலந்தே ஆகணும்னா, முதல்ல கண்ணாடி பாட்டில்ல அதே விகிதத்துல கொஞ்சமா கலந்து அரை மணி நேரம் விடுங்க. திரிஞ்சா, கீழ படிஞ்சு கெட்டியானா, அடிக்க வேண்டாம். திரியலன்னாலும் இலைக்கு ஆகும்னு அர்த்தமில்ல. ஓரமா இருக்கிற நாலு இலையில மட்டும் அடிச்சு மூணு நாள் பொறுங்க. அந்த நாலு இலையோட போட்டோவை எனக்கு அனுப்பிட்டு, அப்புறம் மிச்சச் செடிக்குப் போங்க.