பெற்றோர் மன்றங்களின் சரித்திரம்

குறைபாடுடைய குழந்தைக்கும் அதன் குடும்பத்துக்கும் பள்ளியும் ஊரும் கடமைப்பட்டவை என்ற கொள்கை இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சட்டமாக நிலைபெற்றிருக்கிறது. அதன் பயனாகப் பள்ளி வண்டி அக்குழந்தையின் வாசலுக்கே வருவதையும், பேச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சி வைத்தியமும் பள்ளியிலேயே கட்டணமின்றிக் கிடைப்பதையும் காண்கிறவர்கள், இது செல்வச் செழிப்புள்ள தேசமொன்றின் தயாளம் என்றோ, வைத்திய பண்டிதர்களின் தூரதிருஷ்டி என்றோ எண்ணிவிடுவது இயல்பு. சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தாலோ, சர்க்காரும் வைத்தியர்களும் வேறு வழி காட்டிக்கொண்டிருந்த காலத்தில், பெற்ற பிள்ளையைக் கைவிட மனம் ஒப்பாத தாய்தந்தையர் ஒருவரையொருவர் தேடிக் கண்டுகொண்டதே இதற்கெல்லாம் ஆரம்பம் என்பது விளங்கும்.

அவர்கள் எதிர்த்து நின்ற உலகம் எத்தகையது என்பதை அறிய 1919-ஆம் வருஷத்து வழக்கு ஒன்று போதும். விஸ்கான்சின் ராஜ்யத்திலுள்ள ஆன்டிகோ என்ற ஊரில், பிறவியிலிருந்தே கைகால்கள் வசப்படாமல், பேச்சும் குழறிய சிறுவன் ஒருவன் ஐந்தாம் வகுப்பு வரை மற்றப் பிள்ளைகளோடு படித்து வந்தான்; அவனுடைய புத்தியில் குறை ஏதும் இல்லை. ஆயினும் அவனுடைய முகக்கோணலும் வாயிலிருந்து ஒழுகும் உமிழ்நீரும் உபாத்தியாயர்களுக்கும் சக மாணவர்களுக்கும் மனச்சோர்வையும் அருவருப்பையும் உண்டாக்குகின்றன என்று சொல்லிக் கல்விச் சபையார் அவனை விலக்கினார்கள். ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றமும் அந்த விலக்கலை ஆமோதித்தது. பார்ப்பவரின் மனக்கூச்சத்துக்காக ஒரு குழந்தையின் கல்வியைப் பறிக்கலாம் என்று நீதியின் பீடமே சொன்ன பிறகு, ஏழைப் பெற்றோர் எங்கே போய் முறையிடுவார்கள்?

மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் கதி இதைவிடப் பரிதாபம். விடுதியில் சேர்த்துவிட்டு மறந்துவிடுங்கள் என்பதே வைத்தியர்கள் பெற்றோருக்குக் கூறிவந்த புத்திமதி. பென்சில்வேனியாவில் 1908-இல் திறக்கப்பட்ட பென்ஹர்ஸ்ட் போன்ற பெரும் விடுதிகள் அந்தப் புத்திமதியால் நிரம்பி வழிந்தன. நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியை பெர்ல் பக் கூடத் தம் ஒரே சொந்த மகளை நியூ ஜெர்சியில் வைன்லாந்து என்ற ஊரின் விடுதியில் விட்டு, அவளைப் பற்றி நெடுங்காலம் வெளியில் பேசாமலே இருந்து, 1950-இல்தான் அந்த வரலாற்றை எழுதினார். உலகப் புகழ் பெற்றவரையே வாயடைக்கச் செய்த வெட்கம் சாமானியத் தாய் ஒருத்தியை எப்படி அழுத்தியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வெட்கத்தை முதலில் உதறியவர்களுள் ஒஹையோ ராஜ்யத்தில் கிளீவ்லாந்து நகரைச் சார்ந்த கையஹோகா மாவட்டத்துத் தாய்மார் ஐவர் முக்கியமானவர்கள். பொதுப் பள்ளிகள் தங்கள் பிள்ளைகளைத் தள்ளிவிட்டதை எதிர்த்து, 1933-இல் அவர்கள் ஒரு சங்கம் கூட்டி, பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பும் ஏற்படுத்தச் செய்தார்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், நியூ ஜெர்சியில் ஒரு தாய் உள்ளூர்த் தினசரியில் சிறு அறிவிப்பு ஒன்றை வெளியிட்டார். தம் குழந்தையைப் போன்ற குழந்தைகளை உடைய பெற்றோர் இருப்பார்களானால், ஒருவரையொருவர் அறிந்துகொண்டு பிள்ளைகளின் நன்மைக்காக ஒன்று கூடலாமே என்பதுதான் அதன் சாரம். அடுத்த தெருவில் தன்னைப் போலவே ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள் என்பதை அறியாமலே வாழ்ந்தவர்களுக்கு, பத்திரிகையின் மூலையில் வந்த அந்தச் சில வரிகள் எத்தனை பெரிய சகாயம்! பின்னர் ஊர்தோறும் இத்தகைய மன்றங்கள் எழுந்தன. மாதா கோயில்களின் நிலவறைகளையும் காலியாகக் கிடந்த கூடங்களையும் இரவல் வாங்கி, தாய்மார்களே பலகாரம் விற்றுப் பணம் சேர்த்து, பல இடங்களில் தாய்மார்களே உபாத்தியாயினிகளாகவும் நின்று, பள்ளிகள் ஏற்க மறுத்த பிள்ளைகளுக்குச் சட்டைப் பொத்தான் போடுவதிலிருந்து எழுத்து வாசிப்பது வரை கற்றுக்கொடுத்தார்கள். சமூக சேவை என்று நாம் இன்று சொல்லும் பெரிய ஏற்பாட்டின் கருவறை இந்த நிலவறை வகுப்புகளே என்பது என் திடமான அபிப்பிராயம். 1950 செப்டம்பரில் மின்னியாபொலிஸ் நகரில் பல ராஜ்யங்களின் மன்றத்தார் கூடித் தேசிய சங்கம் ஒன்றை ஸ்தாபித்தார்கள். ஆர்க் என்ற பெயரில் அது இன்றும் நடைபெறுகிறது.

தாங்களே வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவர்கள், அதைச் சர்க்காரின் கடமையென்று நியாயஸ்தலத்தில் நிலைநாட்ட இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. 1968-இல் பிலடெல்பியாவின் தொலைக்காட்சி நிலையம் ஒன்று, பென்ஹர்ஸ்டில் ஏறக்குறைய 2,800 பேர் அடைபட்டுக் கிடந்த கோலத்தை ஊராருக்குக் காட்டியது. பென்சில்வேனியா பெற்றோர் சங்கத்தார் அமர்த்திய வக்கீல் தாமஸ் கில்ஹூல், தம் சகோதரரையே இத்தகைய விடுதியில் கண்டவர். விடுதியின் கொடுமைகளை நேராகத் தாக்குவதைக் காட்டிலும், கல்வி மறுக்கப்பட்டதைக் கேள்விக்கு இழுப்பதே வலிவுள்ள வழியென்று அவர் தேர்ந்தார். கறுப்பின மக்களின் பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்குவது தவறென்று 1954-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அவருக்குத் துணை நின்றது. ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சி எய்தாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கலாம் என்று அந்த ராஜ்யத்தின் சட்டமே கூறிவந்ததை எதிர்த்து, சங்கமும் பதின்மூன்று பிள்ளைகளும் வாதிகளாக 1971 ஜனவரியில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில், எந்தக் குழந்தையும் கற்கும் சக்தியற்றதன்று என்று நிபுணர்கள் சாட்சியம் சொல்லக் கேட்ட ராஜ்யத்தார், வழக்காடுவதை விடுத்துச் சமாதானத்துக்கு இசைந்தார்கள். 6 முதல் 21 வயதுக்குட்பட்ட எல்லாருக்கும் கல்வி அளிப்பதோடு, வீடுகளுக்குள் மறைந்துகிடக்கும் பிள்ளைகளைச் சர்க்காரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றும், பெற்றோரைக் கேட்காமல் பிள்ளையை இடம் மாற்றலாகாது என்றும் அந்த உடன்படிக்கை விதித்தது. தேடிச் செல்லும் கடமை சர்க்காருடையது என்ற இந்த ஒரு விதியை நான் எல்லாவற்றினும் உயர்வாக மதிக்கிறேன்; கூச்சத்தால் வெளியே வராத தாயின் வீட்டுக் கதவை வேறு எந்த விதி தட்டியிருக்கும்?

1975 நவம்பர் 29-ஆம் தேதி ஜனாதிபதி போர்டு கையொப்பமிட்ட சட்டம் இந்நியாயத்தைத் தேசம் முழுவதற்கும் பொதுவாக்கியது. குறைபாடுடைய எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுள் பாதிக்கு மேற்பட்டோர் தக்க கல்வியின்றியும், பத்து லட்சம் பேர் பொதுப் பள்ளியே காணாமலும் இருந்ததாக அச்சட்டத்தின் முகப்பிலேயே காங்கிரஸ் சபையார் எழுதி வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியே ஒரு கல்வித் திட்டம் வகுக்க வேண்டும், அதை வகுக்கும் கூட்டத்தில் பெற்றோர் உட்கார வேண்டும் என்றும் விதித்தார்கள். இக்கல்விக்கு ஆகும் கூடுதல் செலவில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை மத்திய சர்க்கார் தாங்கும் என்று அன்று வகுத்த இலக்கு மட்டும் இந்நாள் வரை ஒரு வருஷமும் எட்டப்படவில்லை. அந்தக் குறையைப் பள்ளிகள் சுமக்கின்றன. பள்ளிகள் சுமக்க முடியாதபோது பிள்ளைகள் சுமக்கிறார்கள்.

பள்ளி மணி அடித்த பிறகு வீட்டுக்கு யார் துணை என்ற கேள்வியையும் மன்றத்தாரே எழுப்பினார்கள். அவர்களுடைய வற்புறுத்தலால் கலிபோர்னியாவில் 1966-இல் இரண்டு வட்டார நிலையங்கள் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, இன்று இருபத்தொன்றாகப் பெருகியிருக்கின்றன. நெப்ராஸ்காவின் ஓமஹா நகரில் 1971-இல், குழந்தையின் குறையை அன்றுதான் வைத்தியர் வாயால் கேட்டுத் திகைத்து நிற்கும் பெற்றோரிடம், அதே குறையுள்ள பிள்ளையைச் சில ஆண்டுகள் வளர்த்துப் பழகிய வேறொரு பெற்றோரை அனுப்பும் வழக்கம் உண்டாயிற்று. சம்பளமில்லாத இந்தத் துணையே பிறகு தேசமெங்கும் பரவியது. மிச்சிகன் ராஜ்யம் 1983-இல் இயற்றிய சட்டமோ ஒரு படி மேலே சென்று, கடுமையான குறைபாடுள்ள பிள்ளையை விடுதிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக் காக்கும் குடும்பத்துக்கு மாதந்தோறும் ரொக்கமாகவே பணம் கொடுக்க ஏற்பாடு செய்தது; அதைக் கொண்டு அணையாடை வாங்குவதா, வாசலில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடுவதா, ஒரு மாலைப் பொழுது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதா என்பதை அவ்வீட்டாரே தீர்மானித்துக்கொள்ளலாம்.