“ஒருக்காத் தாங்கோவன்”: ஆங்கிலத்தில் எப்பிடிச் சொல்லுறது?

யாழ்ப்பாணத்தில் நாங்கள் எழுதும் ஆங்கில மின்னஞ்சல்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று “சென்ட் மீ த றிப்போர்ட்” என்று கட்டளை போடும். மற்றது “ஐ ஹம்பிளி றிக்குவெஸ்ற்” என்று காலில் விழும். “குட் யூ...”, “ஐ வொஸ் வொண்டறிங்...” என்று சமமான இரண்டு பேர் பேசிக்கொள்ளும் நடுத்தர மென்மை எங்களுக்கு லேசில் வருவதில்லை.

நாங்கள் முரட்டுச் சனம் எண்டில்லை. வெளிக்கிடுற ஆளிடம் “எங்கை போறியள்?” என்று கேட்காமல் “தூரமோ?” என்று கேட்கிற ஊர் இது. “ஏலாது” என்று முகத்தில் அடிக்காமல் “பாப்பம்” என்போம். நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி வைத்திருக்கிறோம். “ஒருக்காத் தாங்கோவன்” என்பதில் மரியாதை முழுவதும் அந்த “ஒருக்கா”விலும் வினையின் வாலிலும் இருக்கிறது. ஆங்கில வினைக்கு அந்த வால் இல்லை. மொழிபெயர்த்தால் “கிவ்” மட்டும்தான் மிஞ்சும். முன்னால் ஒரு “பிளீஸ்” ஒட்டினாலும் கட்டளை கட்டளைதான். ஆங்கிலம் அந்த மென்மையைக் கேள்வியாக்கியும் இறந்தகாலத்தில் வைத்தும் கட்டுகிறது.

இதை ஏன் நாங்கள் படிக்கவில்லை? ஆங்கிலம் இங்கே எந்த வாசலால் வந்தது என்று பார்க்கவேணும். அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணம் வந்தது 1816இல். 1823இல் வட்டுக்கோட்டை செமினறி, 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை. செமினறியில் ஆங்கிலத்தோடு தமிழும் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்தார்கள். 1855இல் அதை மூடியதற்கு ஒரு காரணம், ஆங்கிலம் படித்த பெடியள் மதப்பணிக்கு வராமல் அரசாங்க வேலைக்குப் போனதுதான். அதன் பிறகும் அந்தப் போக்கு நிற்கவில்லை. கொழும்புக் கந்தோர்கள், மலாயா றெயில்வே என்று கிளாக்கர்மார் போய்க்கொண்டே இருந்தார்கள்.

அவர்கள் தினமும் புழங்கிய ஆங்கிலம் கடிதமும் மனுவும்: “ஐ பெக் டு ஸ்ரேற்”, “யுவர் ஒபீடியன்ற் சேர்வன்ற்”. வெள்ளைக்கார அதிகாரிகளும் தங்களுக்குள் அப்பிடித்தான் கையெழுத்து வைத்தார்கள். ஆனால் அவர்களுக்கு அது வெறும் சடங்கு. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வேறொரு ஆங்கிலம் இருந்தது. எங்களில் பெரும்பாலானோருக்குக் கந்தோர் மேசை ஆங்கிலம் மட்டும்தான் கிடைத்தது. மேலதிகாரிக்கு மனு, கீழே உள்ளவனுக்கு உத்தரவு. அந்த இரண்டையும்தான் இன்றைக்கும் எழுதுகிறோம்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ளவேணும். எங்கட “ங்கோ” எல்லாருக்கும் கிடைக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த வயதானவரை ஆதிக்க சாதிச் சின்னப் பெடியனும் “நீ, வா” என்று கூப்பிட்ட ஊரும் இதுதான். 1920களின் கடைசியில் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்றபோது அதற்கும் எதிர்ப்பு வந்தது. ஆங்கில “யூ”வில் அந்தப் படிகள் இல்லை. மரியாதை வேணுமெண்டால் ஆளின் சாதியையும் வயதையும் பார்க்காமல் வசனத்தில் வைக்கவேணும்.

அதனால் “யூ ஆர் றோங்” என்ற இடத்தில் “ஐம் நொட் ஷுவர் அபவுட் தற்” என்று எழுதப் பழகுவதை வெள்ளைக்காரப் பாசாங்கு என்று நாங்கள் தள்ளிவிடத் தேவையில்லை. பணியாமலும் அதட்டாமலும் ஒரு ஆளோடு பேசுவதற்கு அதுவும் ஒரு பயிற்சி. அந்தப் பயிற்சி எங்கட தமிழுக்கும் தேவைப்படுகிறது.