எஞ்சியவற்றின் பதிவேடு: மரணப் பள்ளத்தாக்கின் மேற்பரப்புப் படிவுகளை வரைதல்

கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் பேட்வாட்டர் உப்புத்தரை கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. அதற்கு மேற்கே பானமின்ட் மலைத்தொடரின் டெலஸ்கோப் சிகரம் 3,368 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. இடைப்பட்ட சரிவெங்கும் காட்டாறுகள் மலையிலிருந்து இறக்கிக் கொட்டிய சரளையும் மணலும் வண்டலும் விசிறி விசிறியாகப் பரந்திருக்கின்றன. இத்தகைய வடிநிலங்களின் பழைய நிலவியல் வரைபடங்கள் பலவற்றில் இந்தப் பரப்பு முழுவதற்கும் ஒரே வெளிர்மஞ்சள், 'வண்டல்' என்ற ஒரே பெயர். கனிமம் தேடிப் போனவர்களுக்கு அது பாறையை மூடிக்கிடக்கும் குப்பை, அவ்வளவுதான்.

அந்த மஞ்சளைப் பிரித்தவர்கள் சார்ல்ஸ் ஹன்ட்டும் டான் மேபியும். அமெரிக்க நிலவியல் அளவைத் துறை 1966இல் வெளியிட்ட அவர்களது ஆய்வறிக்கை, சரளைப் படிவுகளை மூப்பு வரிசைப்படி எண்ணிட்டு வரைந்தது. பின்னர் வந்தவர்கள் இந்த எண்களைப் பள்ளத்தாக்கின் காலவரிசையாகவே வாசிக்கத் தலைப்பட்டார்கள். அந்த வாசிப்பைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது. எந்தக் காலத்தில் எவ்வளவு படிந்தது என்பதை மேற்பரப்பு வரைபடத்திடம் கேட்கக் கூடாது. எது அரிக்கப்படாமலும் புதையாமலும் தப்பியது என்பதை மட்டுமே அது சொல்லும்.

பிரிப்பின் அடிப்படை என்ன என்பதை மேற்குப் பக்கத்து ஹனௌபா விசிறியில் கண்ணெதிரே பார்க்கலாம். இன்றைய ஓடையை ஒட்டிய பரப்பு வெளிர்சாம்பல் நிறம். கற்குவியல் வரப்புகளும் அவற்றிடையே பள்ளங்களும் வெள்ளம் விட்டுப்போன வடிவிலேயே கிடக்கும். கால் வைத்தால் கல் உருளும். சில மீட்டர் மேலேறிப் பழைய மேடைக்குப் போனால் நிலம் சமதளமாகிவிடுகிறது. கொத்தனார் பாவியதுபோல் கற்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் பொருந்தி, மாங்கனீசும் இரும்பும் கலந்த கருமெருகு ஏறிப் பளபளக்கின்றன. ஒரு கல்லைப் புரட்டினால் அடிப்பக்கம் செங்காவி. அதன் கீழே கல்லே அற்ற, மாவு போன்ற வெளிறிய வண்டல். உடைத்துப் பார்த்தால் ரொட்டியில் இருப்பதுபோல் சிறுசிறு காற்றுப்பொந்துகள். இந்த வண்டல் கீழிருந்து வந்ததன்று, காற்று கொண்டுவந்த தூசு. கற்களின் இடுக்கில் இறங்கிய தூசு மெல்ல மெல்லக் கற்களைத் தூக்கிக்கொண்டே வளர்ந்தது என்று மெக்ஃபேடனும் வெல்ஸும் ஜெர்சினோவிச்சும் 1987இல் காட்டினார்கள். காற்று மண்ணை ஊதிக் கல்லை மிச்சம் வைத்தது என்ற பழைய பாடத்தை அது புரட்டிப்போட்டது. இன்னும் தோண்டினால் கற்களின் அடியில் வெள்ளைச் சுண்ணப்பூச்சு. மிக மூத்த பரப்புகளில் அதுவே இறுகிச் சுக்கானாகிவிடும். கைல், பீட்டர்சன், கிராஸ்மன் மூவரும் நியூ மெக்சிகோ பாலைமண்ணில் இந்தச் சுண்ணேற்றத்தை நான்கு நிலைகளாக வகுத்தது 1966இல்.

இந்த அடையாளங்களில் வரைபவரை எளிதில் ஏமாற்றுவது கருமைதான். வான்படத்தில் முதலில் தெரிவதும் அதுவே. குவார்ட்சைட் கல்லில் மெருகு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்புப் பாறையின் மேற்பரப்பு மழையில் கரைந்துகொண்டே இருப்பதால் அதில் மெருகு நிலைப்பதில்லை. ஆக, ஒரே வயதுள்ள இரு விசிறிகள், மலையில் உள்ள பாறை வேறுபடுவதால் மட்டுமே, ஒன்று கிழமாகவும் ஒன்று இளமையாகவும் தோன்றும். குழி வெட்டி மண்ணைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் நம்பி ஒரு விசிறியிலிருந்து அடுத்த விசிறிக்கு எண்ணைக் கொண்டுபோவதை நான் ஏற்க மாட்டேன், அதை லைடார் என்னும் லேசர் அளவையின் துணையோடு செய்தாலும்.

கருமையைத் திருத்த மண்குழி போதும். பள்ளத்தாக்கின் சாய்வு தரும் சிக்கலோ குழிக்கு அடங்காதது. தரை கிழக்கு நோக்கிச் சாய்ந்துகொண்டிருக்கிறது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஏரியின் கிழக்குக் கரைக்கோடு மேற்குக் கரைக்கோட்டைவிடச் சுமார் 6 மீட்டர் தாழ்ந்திருப்பதை ஹன்ட்டும் மேபியுமே கண்டிருந்தார்கள். மேற்கே விசிறிகள் பல கிலோமீட்டர் நீள்கின்றன. ஓடைகள் தம் பழைய படிவுகளையே அறுத்துக் கீழிறங்குவதால் மூத்த பரப்புகள் மேடைகளாகத் தப்பி நிற்கின்றன. கிழக்கே, பிளாக் மலைகளின் அடிவாரத்தில், பிளவுப்பெயர்ச்சியை ஒட்டித் தரை தாழ்ந்தபடியே இருக்கிறது. அங்குள்ள சிறிய செங்குத்தான விசிறிகளில் பழையவற்றின்மேல் புதியவை படிந்து மூடிவிடுகின்றன. வரைபடத்தைப் பார்ப்பவருக்குக் கிழக்கில் இளம் படிவுகள்தான் மிகுதியாகத் தெரியும். மூத்தவை அங்கே உண்டாகவே இல்லை என்று அதிலிருந்து முடிவுகட்டினால் அது கல்லறையைப் பார்க்காமல் ஊரில் சாவே இல்லை என்பதுபோல் ஆகும்.

புதையுண்டதன் அளவைச் சொல்லச் சான்று உண்டு. பேட்வாட்டர் வடிநிலத்தில் 1993இல் எடுத்த ஏறத்தாழ 186 மீட்டர் நீளத் துளைமண் தூண் சுமார் 2 லட்சம் ஆண்டு வரலாற்றைத் தருகிறது. இன்றைக்குச் சுமார் 1,86,000 முதல் 1,20,000 ஆண்டுகளுக்கு முன்பும், மீண்டும் 35,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன்பும் மேன்லி ஏரி இங்கே நின்றது. இவ்வளவும் மேற்பரப்பு வரைபடத்தில் 'உப்பு', 'சேறு' என்ற ஓரிரு நிறங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

மேடைகள் உருவாவதைத் தட்பவெப்ப மாற்றத்தோடு இணைப்பதற்குச் சார்ல்ஸ் டென்னி 1965இல் எழுப்பிய எதிர்வாதம் இந்த இடத்தில் பயன்படுகிறது. ஒரு பரப்பை ஓடை கைவிடுவதற்குத் தட்பவெப்ப மாற்றம் வேண்டியதில்லை; பக்கத்து ஓடை நீரைக் களவாடிக்கொண்டாலே போதும் என்றார் அவர். வில்லியம் புல் போன்றோர் தட்பவெப்பத்தின் பக்கம் நின்றார்கள். அகன்ற வடிநிலங்கள் பலவற்றில் ஒத்த காலத்தில் படிவு பெருகியிருப்பதால் புல்லின் பக்கமே வலுவானதென்று எனக்குப் படுகிறது. ஆனால் ஒரு தனி விசிறியில் ஒரு தனி மேடைக்கு டென்னி சொல்வது பொருந்திவிடலாம். வரைபடக் குறியீட்டிலேயே வயதை எழுதிவிட்டால் அந்த வாய்ப்பை முன்கூட்டியே அடைத்துவிடுகிறோம்.

ஆகவே படிவு அலகை, மெருகு, கல்பாவல், வண்டல் தடிமன், சுண்ணநிலை, வரப்பு தேய்ந்த அளவு ஆகிய கண்ணால் காணும் குணங்களால் வரையறுக்க வேண்டும். பெரிலியம்-10 அல்லது ஒளித்தூண்டல் முறை தரும் வயது தனிப் பத்தியில், எந்தக் குழியில் எடுத்தது என்ற குறிப்போடு நிற்க வேண்டும். எண்கள் அந்தந்த விசிறிக்கு மட்டுமே உரியவையாக இருக்கட்டும். கோட்டைப் பற்றியும் ஒரு சொல்: 1:1,00,000 அளவில் அரை மில்லிமீட்டர்க் கோடு தரையில் 50 மீட்டர். அந்த அகலத்துக்குள் ஒரு முழு ஓடையும் அதன் இரு கரைகளும் மறைந்துபோகும்.

2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் மிச்சம் ஃபர்னஸ் கிரீக்கில் ஒரே நாளில் 56 மில்லிமீட்டர் மழையைக் கொட்டியது. அங்கு ஓராண்டில் சராசரியாகப் பெய்வதே ஏறத்தாழ அவ்வளவுதான். பேட்வாட்டரில் ஆழமற்ற ஏரி ஒன்று மாதக்கணக்கில் நின்று வற்றியது. அந்த வெள்ளம் விட்டுச்சென்ற சேற்றைக் கிழக்கு ஓரத்தில் இளைய அலகாக வரையலாம், அடுத்த வெள்ளம் அதை மூடும்வரை.