இறந்தவர் பேரில் ஈடு

2008 அக்டோபரில் ரஷ்யப் பனி ஹாக்கி வீரர் அலெக்ஸி செரெபனோவ் ஆட்டத்தின்போது சரிந்து இறந்தார். வயது 19. முந்தைய ஆண்டு முதல் சுற்றில் அவரைத் தேர்ந்திருந்த நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கு, 2009 தேர்வின் இரண்டாம் சுற்றில் கூடுதலாக ஒருவரை எடுத்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது. ஆளுக்கு ஈடாக ஆள்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்தவரான நமக்கு இக்கணக்கு அந்நியமன்று. கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அதே 1976இல்தான் நாடாளுமன்றம் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. அதன் வரையறைப் பகுதியைப் பொறுமையாக வாசிக்க வேண்டும் (சட்டநூல்களிலும் இலக்கியம் உண்டு). முன்பணம் பெற்றவர் செய்யும் கட்டாய உழைப்போடு, வாரிசுரிமையாக வந்து சேர்ந்த கடப்பாட்டின் பேரில் செய்யும் உழைப்பையும் அது தனியே குறிப்பிடுகிறது. அப்படிக் குறிப்பிட வேண்டியிருந்ததே வரலாறு: தந்தை இறந்தால் பண்ணையாருக்குக் கிடைத்த ஈடு, மகன்.

எதிர்த்திசையில் ஓடியது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். வேலையில் இறந்தவருக்கான தொகை அவரைச் சார்ந்தோருக்குரியது. முதலாளி அதை ஆணையரிடம் கட்ட வேண்டியிருந்தது. வேறெந்தப் பாக்கியையும் அதில் கழித்துக்கொள்ளக் கூடாது என்றது 9ஆம் பிரிவு. முன்பணம் கொடுத்து மலையிலிருந்து ஆள் அழைத்துச் செல்லும் மேஸ்திரிகளில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

ரேஞ்சர்ஸ் அணி யாருடைய மகனையும் பிடித்துக்கொள்ளவில்லை. ஆகவே அவ்வணியை நாம் பண்ணையாரோடு சேர்க்கமாட்டோம். ஆனால் அந்த விதியில் இறந்த இளைஞனின் வீட்டாருக்கு ஒரு வரியும் இல்லை.